பாறையோடு பாறையாக

மத்தியதரைக் கடலில் மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பவர்களில் சிலர் கறுப்பு நியோப்ரீன் ரப்பர் உடைக்கு வீட்டிலேயே வண்ணம் பூசிக்கொள்கிறார்கள். பொசிடோனியா கடற்புல்லும் பாறையும் கலந்த தரையில் ஆள் உருவம் தனித்துத் தெரியக் கூடாது.

சாதாரண பெயிண்ட் உதவாது. உடை இழுபடும்போதே வெடித்து உதிரும். நியோப்ரீன் பசையில் நிறமியைக் கலந்து, காற்றோட்டமான இடத்தில் ஸ்பாஞ்சால் ஒற்றினால், பூச்சும் ரப்பரோடு சேர்ந்து நீளும்.

ரசிக்கவேண்டியது நிறத் தேர்வைத்தான். நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 10 மீட்டர் ஆழத்தில் செங்காவி மங்கிச் சாம்பலாகத் தெரியும். அதனால் எந்த நிறம் என்பதைவிட, வெளிர் திட்டும் அடர் திட்டும் அடுத்தடுத்து வருவதே முக்கியம். தோளிலும் கையிலும் திட்டுகள் விளிம்பைத் தாண்டி ஓடும்போது உடலின் வெளிக்கோடு உடைகிறது. கையால் பூசுபவர் ஒரே திட்டைத் தையலைக் கடந்தும் இழுத்துவிடலாம். என்ன அழகான சுதந்திரம்!

பூச்சு முழுக்க உலராமல் உடையை மடித்தால், அதன் கை நெஞ்சுப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும்.