ஊட்டிய காற்றின் கணக்கு

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னாளில் பூட்டிய, எஞ்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சுப்பர்சார்ஜரைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் நீட்டப்படுவது, வலு அளக்கும் இயந்திரம் தரும் டைனோ தாள். அந்தத் தாள் பொய் சொல்வதில்லை. ஆனால் பொன்னட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறியைச் சுழலவிட்டு, சில விநாடி இழுத்துப் பெற்ற எண் அது. ஓட்டப் பாதைக்கென்று கட்டிய காருக்கு அது போதிய சான்றாகாது. முதற் சுற்றில் இருந்த வலு கடைசிச் சுற்றிலும் மிஞ்சுகிறதா, கூடிய வலுவைக் காரின் மற்றைய உறுப்புகள் தாங்குகின்றனவா என்பவையே இங்கு என் அளவுகோல்.

இந்த விசாரணைக்கு இலங்கையின் மாத்தளை மாவட்டம் வசதியான இடம். மாவட்டத்தின் வடக்கே சிகிரியா. உலர்வலய வெயில், கிரவல் பாதை, ரலி குரொஸ். தெற்கே கண்டியைக் கடந்து ஏறினால் 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா. 1934இல் தொடங்கிய மஹாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி அங்கேதான். களுத்துறைப் பக்கம் இறங்கினால் கட்டுக்குருந்த. தமிழ்நாட்டின் சோழவரத்தைப் போலவே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பந்தயப் பாதையாக மாறிய கதை. மாத்தளைக் கராஜ் ஒன்றில் கார் கட்டுபவர் இந்த மூன்றில் எதற்காகக் கட்டுகிறார் என்று முதலில் சொல்லவேண்டும். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியை நான்காவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அது பஸ்ஸும் பாடசாலைப் பிள்ளைகளும் போகும் பொதுவீதி.

சுப்பர்சார்ஜர் பூட்டும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. 2020 முதல் 2025இன் தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி மூடிக் கிடந்தது. வேகமான காரை வாங்க வழியில்லாதவர் கையிலிருக்கும் காரை வேகமாக்க நினைத்தது நியாயமே. எஞ்ஜின் உடைந்தால் மாற்றுக்கு வாங்குவதும் அதே அளவு கடினம் என்ற மறுபக்கத்தை மட்டும் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

நிறையை முதலில் சொல்கிறேன். டர்போவை இயக்குவது புகைபோக்கிக் காற்று; சுப்பர்சார்ஜரை இயக்குவது கிராங்கிலிருந்து வரும் பெல்ட். ஆகவே வளைவின் நடுவில் கால் அழுத்திய அளவுக்கு, அழுத்திய கணத்திலேயே வலு வருகிறது. பின்சக்கரங்களின் பிடி அறுந்துபோகும் விளிம்பில் காரை நிறுத்தி ஓட்டுபவருக்கு இந்த நேர்மை விலைமதிப்பற்றது. ஆனால் இந்தப் புகழ் எல்லாச் சுப்பர்சார்ஜர்களுக்கும் பொதுவல்ல. ரூட்ஸ் வகையும் இரட்டைத் திருகு வகையும் ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த அளவு காற்றைத் தள்ளுகின்றன. கீழ்ச்சுற்றிலேயே அழுத்தம் நிறைந்துவிடும். மையவிலக்கு வகையின் அழுத்தமோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 7000 சுற்றில் 0.5 பார் கொடுப்பது 3500 சுற்றில் அதில் கால்பங்கு அளவே கொடுக்கும். டொயோட்டா 86இன் 2 லீற்றர் எஞ்ஜின் 4000 சுற்றையொட்டித் தொய்வது எல்லாரும் அறிந்த குறை. முதல் இரு வகைகளும் அந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன. மூன்றாவது பள்ளத்தை அப்படியே விட்டு, ஏற்கெனவே நன்றாயிருந்த மேற்சுற்றை உயர்த்துகிறது. டைனோ தாளின் உச்சி எண்ணில் மூன்றாவதே வெல்லும். வளைவிலிருந்து வெளியேறும்போது முதல் இரண்டும் வெல்லும்.

இனிக் குறை. அதன் பெயர் சூடு. இதைக் கணக்காகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிகிரியாவை அடுத்த தம்புள்ளைப் பக்கத்துப் பகலில் எஞ்ஜின் இழுக்கும் காற்று 35 பாகை என்று வைப்போம். 0.5 பார் பூஸ்ட் என்றால் அழுத்தம் ஒன்றரை மடங்கு. குறையே இல்லாத இயந்திரம்கூட இந்த அமுக்கத்தில் காற்றை 38 பாகை அளவு சூடாக்கும். ரூட்ஸ் வகையின் திறன் 60 சதவீதத்தை அண்டியது. அதில் ஏறும் சூடு 63 பாகை அளவு. வெளிவரும் காற்று ஏறத்தாழ 100 பாகை. சூடேறிய காற்று விரிந்துவிடுவதால், ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று 50 சதவீதம் அல்ல; 24 சதவீதம். நல்ல இன்டர்கூலர் அதை 55 பாகைக்கு இறக்கினால் 40 சதவீதத்தை எட்டலாம். சுப்பர்சார்ஜர் கிட்டை வாங்கி இன்டர்கூலரைப் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைப்பவர் தான் விலை கொடுத்த பொருளில் கிட்டத்தட்டப் பாதியைக் கடையிலேயே விட்டு வருகிறார். சுப்பர்சார்ஜரைச் சுழற்ற மட்டும் பெல்ட் 15 குதிரைவலு அளவில் தின்றுவிடும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

அதற்கும் மேலே எரிபொருள். நம் நிரப்பு நிலையங்களில் வழமையாகக் கிடைப்பது ஒக்டேன் 92, 95. 86இன் அமுக்க விகிதம் 12.5, இயல்பாகக் காற்றிழுக்கும் எஞ்ஜினுக்கென்றே வகுத்த எண் அது. அந்தச் சிலிண்டருக்குள் சூடான காற்றைத் திணித்தால், எரிபொருட் கலவை தானாகவே வெடித்தெரியும் நொக்கிங் வரும். கம்பியூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்ஜினைக் காப்பாற்றும், வலு குறையும், புகைபோக்கிச் சூடு ஏறும். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு கார் "களைத்துவிட்டது" என்று ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். டைனோ தாளில் இந்தக் களைப்பு பதிவாவதில்லை.

இயைபுள்ள சுப்பர்சார்ஜர் எப்படியிருக்கும் என்பதற்கு டொயோட்டாவே உதாரணம் வைத்திருக்கிறது. 1986இல் எம்ஆர்2 காருக்கு 4ஏ-ஜிசட்ஈ எஞ்ஜினைக் கொடுத்தபோது அவர்கள் ரூட்ஸ் பம்பை மட்டும் பூட்டவில்லை. அமுக்க விகிதத்தை 8க்கு இறக்கினார்கள், பிஸ்டனை உறுதியாக்கினார்கள், இன்டர்கூலர் வைத்தார்கள். சுமை குறைந்த நேரத்தில் பம்பைக் கழற்றிவிட அதன் புல்லியிலேயே மின்காந்தக் கிளச் ஒன்றையும் வைத்தார்கள். ஏசி கொம்ப்ரஸரில் இருப்பது போன்றது. தேவைக்குச் சுழலும், தேவையில்லாதபோது வலுவைத் தின்னாது. உச்சி எண் 145 குதிரைவலுதான். பெருமை பேச உதவாத எண். ஆனால் எல்லா உறுப்பும் ஒன்றுக்கொன்று தெரிந்து வேலை செய்த எஞ்ஜின்.

மறுதுருவத்தில் 1929, 30ஆம் ஆண்டுகளின் "புளோவர்" பென்ட்லி. பந்தய ஓட்டுநர் டிம் பெர்கின் வற்புறுத்தி ஏற்றிய சுப்பர்சார்ஜரை நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லி கடைசிவரை ஏற்கவில்லை. வலு வேண்டுமென்றால் எஞ்ஜினைப் பெரிதாக்குவதே அவர் வழி. 1930 லே மானில் புளோவர்கள் வேகம் காட்டிவிட்டு விலகின. வென்றது சுப்பர்சார்ஜர் இல்லாத ஸ்பீட் சிக்ஸ். இன்று படங்களிலும் பொம்மைகளிலும் வாழ்வது தோற்ற கார்தான். கவர்ச்சிக்கும் சாதனைக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பின்னாளில் கிட் பூட்டும் நம்மவர்களிடமும் காண்கிறேன்.

நுவரெலியாவைப் பற்றிய வாதம் தனியாக எடைபோடத் தக்கது. "மேலே காற்று மெல்லியது, சுப்பர்சார்ஜர் அதை ஈடுகட்டும்" என்பார்கள். பாதி உண்மை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு. குளிர் ஓரளவு ஈடு செய்தும் சாதாரண எஞ்ஜின் 15 சதவீதம் அளவில் இழக்கும். டர்போ கூடுதலாகச் சுழன்று இழப்பை மீட்கலாம். புல்லி அளவு மாறாத சுப்பர்சார்ஜரால் அது முடியாது. அது பெருக்கும் விகிதம் மாறாதது, பெருக்கப்படும் காற்றே குறைந்துவிட்டது. கீழே 0.5 பார் காட்டியது அங்கே 0.4ஐயே காட்டும். ஆயினும் ஓட்டம் ஓரிரு நிமிடத்துக்குள் முடிவதால் சூடு திரள நேரமில்லை. இறுக்கமான வளைவிலிருந்து திரும்பத் திரும்ப மேல்நோக்கி வெளியேறும் பாதைக்கு உடனடி முறுக்குவிசையைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை. நீர்வழி இன்டர்கூலர் வைத்திருப்பவர் முறைக்காகக் காத்துநிற்கும்போது அதன் தொட்டியில் ஐஸ் கட்டியைப் போட்டு, உள்ளே போகும் காற்றைக் குளிர்வித்துக்கொண்டே தொடக்கக்கோட்டுக்குப் போகலாம். நீண்ட பந்தயத்தில் இதே இன்டர்கூலர் மெல்ல மெல்லச் சூடு பிடித்துப் பயனற்றுப்போகும்.

கட்டுக்குருந்தவில் நிலைமை தலைகீழ். கடலோரச் சூடு, சுற்றுக்குமேல் சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் வேகம் 10 சதவீதம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி குறைந்தது 21 சதவீதம் கூடும். வலுவை மட்டும் ஏற்றிய கார் அங்கே சுற்று நேரத்தை மேம்படுத்துவது பிரேக் பேட் கருகும்வரைதான். போட்டி வகுப்பும் யோசிக்கவேண்டியது: சர்வதேச விதிகளில் நெடுங்காலம் நிலைத்த 1.7 என்ற பெருக்கெண்ணின்படி, காற்றூட்டிய 2 லீற்றர் எஞ்ஜின் 3.4 லீற்றராகக் கணக்கிடப்படும். பெற்ற 40 சதவீதத்துக்காக 70 சதவீதம் பெரிய எஞ்ஜின்களோடு மோதுவது நல்ல பேரமல்ல.

சிகிரியாவைச் சுருக்கமாக முடிக்கலாம். கிரவலில் குறைவது பிடி, வலு அல்ல. செம்புழுதி வடிகட்டியை அடைக்கும். அதைத் தாண்டி உள்ளே போகும் மணல் நுண்ணிய இடைவெளியில் சுழலும் ரோட்டரின் பூச்சைச் சுரண்டும்.

ஆகவே தீர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மஹாகஸ்தோட்டவுக்காகக் கட்டும் காரென்றால் சுப்பர்சார்ஜரை ஏற்கிறேன்: இரட்டைத் திருகு வகை, 0.4 பாருக்கு மேற்படாத பூஸ்ட், முதல் நாளிலிருந்தே இன்டர்கூலர், 95க்கென்று எழுதிய டியூனிங். அமுக்க விகிதம் 11க்கு மேற்பட்ட எஞ்ஜினென்றால் பிஸ்டனையும் மாற்றும் எண்ணத்தோடுதான் தொடங்கவேண்டும். கட்டுக்குருந்தவுக்கென்றால் அந்தப் பணம் பிரேக்குக்கும் ஒயில் கூலருக்கும் டயருக்கும் போய் மிஞ்சிய பிறகே இந்தப் பேச்சை எடுக்கலாம். சிகிரியாவுக்கு எஞ்ஜினைத் தொடவே வேண்டாம். அங்கே காசு போகவேண்டிய இடம் ஷொக் அப்சோபர்.