நூறு இலைக்கு ஓர் உலை

நூறு பேர் என்று சொல்லிச் சமைத்தாயிற்று. வாசலில் நூற்று முப்பது பேர் நிற்கிறார்கள். இந்த நேரத்தில் அனுபவமுள்ள சமையல் மாஸ்டரின் கண் சோற்று அண்டாவுக்குப் போகாது, ரசத்துக்குத்தான் போகும். சோற்றை நினைத்த மாத்திரத்தில் பெருக்க முடியாது. சாம்பாருக்கு வேகவைத்த பருப்பின் மேல்தண்ணீரில் இரண்டு வாளி ஒதுக்கி வைத்திருந்தால் ரசத்தைப் பெருக்கலாம். கொஞ்சம் புளிக்கரைசல், இடித்த மிளகு சீரகம், ஒரு கை கொத்தமல்லி. நுரை கட்டியதும் இறக்கி ஒரு தாளிதம். மோரும் அதே ரகம்தான். இந்த இரண்டும் பந்தியை இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் இரண்டாவது உலை பொங்கிவிடும்.

குறைந்த செலவில் நிறையப் பேருக்குச் சைவச் சாப்பாடு போடும் மரபுகள் நம்மிடையே பல. பாத்திரம் வேறு, பக்குவம் வேறு, யாருக்காக அடுப்பு எரிகிறது என்பதும் வேறு. ஆனால் எதை நீட்டலாம், எதில் கைவைக்கக் கூடாது என்ற சட்டம் எல்லாவற்றிலும் உண்டு. அதில்தான் ஒவ்வொன்றின் தரமும் தெரியும்.

மிகப் பழையதும் மிக மலிவானதும் கூழ். ஆடியில் அம்மன் கோயில் வாசலில் இன்றும் இதைப் பார்க்கலாம். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யரிசி குழைந்து வெந்ததும் மாவை ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாடையை எந்த மோராலும் மறைக்க முடியாது. ஆறிய பிறகு மோர், உப்பு, அரிந்த சின்ன வெங்காயம். இலை வேண்டாம், பந்தி வேண்டாம், தூக்குவாளி போதும். இதன் துயரமான உடன்பிறப்பு கஞ்சித்தொட்டி. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் குஞ்சரத்தம்மாள் என்ற பெண்மணி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்று மதுரையில் இன்றும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகும் தறி ஓய்ந்த காலங்களில் நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டி திறந்திருக்கிறது. கஞ்சி எவ்வளவு நீர்த்தது என்பதை வைத்தே ஊரின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

தாது வருஷத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது வடலூர் அடுப்பு. 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் கொடுத்த எண்பது காணி நிலம். அதில் 21 அடி நீளத்தில் ஓர் அடுப்பு. அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. சோறு, குழம்பு, ரசம், மோர் என்ற அளவிலான சாப்பாடுதான், படாடோபம் கிடையாது. வந்தவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்ற விசாரணையும் கிடையாது. தைப்பூசத்தில் கூட்டம் கடலாகப் பெருகும்போதும் இதே விதிதான். அன்னதானம் என்ற பெயரில் பதினெட்டு வகை பரிமாறிப் படம் பிடித்துக்கொள்ளும் இன்றைய வழக்கத்துக்கு இந்தச் சாலை நல்ல மாற்று மருந்து. பதினெட்டு வகை வைக்கும் இடத்தில் நாலாவது பந்திக்குப் பாதி வகைகள் வந்து சேர்வதில்லை என்பது பந்தி விசாரித்தவர்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். கோயிலைச் சுற்றி மடங்கள். அடியார் பசியோடு திரும்பக் கூடாது என்பது அங்கத்திய வழக்கம்.

சமையல் நுணுக்கம் என்று பார்த்தால் ஒரே அண்டாச் சோறுதான் இந்தக் கட்டுரையில் முதலிடம் பெற வேண்டியது. கொங்கு நாட்டில் அரிசிம்பருப்பு, நெல்லைச் சீமையில் கூட்டாஞ்சோறு. இரண்டிலும் சோறும் குழம்பும் தனித்தனியாக இல்லை. ஓர் அடுப்பு, ஓர் அண்டா, ஒரே கரண்டி. விறகுச் செலவும் ஆள் செலவும் பாதியாகும். கொங்குக்காரர்கள் அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். கூட்டாஞ்சோறு கொஞ்சம் கலகலப்பானது. கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரை, மாங்காய் என்று தோட்டத்தில் எது மலிவோ அது உள்ளே போகும். தேங்காய், சீரகம், வற்றல், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்த மசாலாவும் புளியும் சேரும். முருங்கைக்கீரை கடைசியில். காய் போடும் வரிசை தப்பினால் கத்தரிக்காய் கரைந்து வாழைக்காய் நறுக்கென்று நிற்கும்.

இங்கேதான் வீட்டுச் சமையல்காரர்கள் சறுக்குவார்கள். நாலு பேர் சமையலை இருபத்தைந்தால் பெருக்கினால் நூறு பேர் சமையல் ஆகிவிடாது. பெரிய அண்டாவில் உள்ள சரக்கைப் பார்க்க, ஆவி போகும் வாய் சிறியது. அதனால் கிலோவுக்கு இவ்வளவு என்ற வீட்டுக் கணக்கில் தண்ணீர் வைத்தால் சோறு களியாகும். அடுப்பை அணைத்த பிறகும் அண்டாவின் நடுவில் உள்ள சூடு நெடுநேரம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். எனவே முழுப் பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே தீயை இழுத்துவிட்டு, மூடிமேல் தணல் போட்டுத் தம்மில் விடுவார்கள். உப்பும் மிளகாயும் முதலில் முக்கால் பங்கு, மீதி ருசி பார்த்து. நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ பருப்பு என்பது தோராயக் கணக்கு. வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள் உட்காருகிறார்கள் என்றால் அது போதாது.

கல்யாண வீட்டுப் பரம்பரை வேறு. கும்பகோணம், பாலக்காடு என்று பேர் பெற்ற கைகள் உண்டு. நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் சைவச் சமையல்காரருக்குத் தவசிப்பிள்ளை என்று பெயர். இவர்கள் சமையல் மலிவு அல்ல. ஆனாலும் சிக்கனத்துக்கு இவர்கள் கொடுத்த கொடை ஒன்று இருக்கிறது. அவியல்! எல்லாக் காயிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியதை ஒரு தேங்காய் அரைப்பில் கௌரவமாக உட்கார வைத்துவிடும் வித்தை அது. வடித்த சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்பி ஆவி போகவிட்டு, அன்னவெட்டியால் அள்ளிக் கூடைக்கு மாற்றும் முறையும் இவர்களிடமிருந்து வந்ததே. குவியலாக விட்டால் அடிச்சோறு நசுங்கும்.

கோயில் மடைப்பள்ளிகளில் பல வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. இந்தக் கட்டுப்பாடு செலவையும் குறைக்கிறது, உரிக்கும் ஆளையும் குறைக்கிறது. புளியோதரை அதன் சாதனை: புளிக்காய்ச்சல் தயாராக இருந்தால் சோறு வெந்த உடனே பிரசாதம் ரெடி, கெட்டுப்போகும் பயமும் குறைவு. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கோயில் அன்னதானத் திட்டம் 2002-இல் வந்தது. பூரி ஜகந்நாதர் கோயிலில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகில் வேகவைக்கிறார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் ரொட்டியும் தாலும் இரவு பகலாக ஓடுகின்றன. உரிப்பதும் உருட்டுவதும் தட்டு கழுவுவதும் பெரும்பாலும் வந்து போகும் பக்தர்களின் கைகள். சமையலில் பெருஞ்செலவு கூலி என்பதால் லங்கரின் மலிவுக்கு அதுவே அடித்தளம். நம் அன்னதானக் கூடங்கள் இதைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். இங்கே பரிமாற ஆசைப்படுகிறவர்கள் நிறைய, வெங்காயம் உரிக்க வருகிறவர்கள் குறைவு.

அரசு அடுப்புகளின் வரலாறு தனி மலருக்குரியது. 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. முட்டை பின்னால் வந்து சேர்ந்தது. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013-இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் என்று சைவத்திலேயே கடை விரித்தது.

இந்த வரலாற்றில் ஒரு கரிநாளும் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையலறையில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டார்கள். அடுப்புக்கு மேலே என்ன கூரை, பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், வெளியேற எத்தனை வழி என்ற கேள்விகளை ருசிக்கு முன்னால் கேட்க வேண்டும். மலிவாகச் சமைப்பவர் எதைச் சுருக்கினாலும் இதில் சுருக்கக் கூடாது.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்த மரபின் கடைசிக் கிளை. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு என்று கணக்கு. கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். சமைக்கிறவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்தார்கள். எந்த ஆய்வாளரையும்விடக் கறாரான ஏற்பாடு. சென்னையில் பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கி வண்டியில் அனுப்புகிறார்கள். இரண்டு ஏற்பாட்டிலும் உப்புமா ஒன்றுதான், பக்குவம் ஒன்றல்ல. பள்ளியிலேயே கிண்டியது சூடாகத் தட்டுக்குப் போகும். வண்டி ஏறும் உப்புமா போகும் வழியெல்லாம் இறுகிக்கொண்டே வரும்; ஆகவே அதற்குத் தண்ணீர் கூடுதலாக வைத்து, எண்ணெயில் கை தாராளம் காட்டி, கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும்.