மதகு ஏறினால் தெரியும் வண்டியின் குணம்

காரின் குணத்தைச் சோதித்துப் பார்க்க எங்கள் காரைக்காலைவிட நல்ல ஊர் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். இரண்டு எல்லைக்கும் நடுவே வண்டியை விரட்ட நெடுஞ்சாலை. மேற்கே திரும்பினால் திருநள்ளாறு, நெடுங்காடு, அம்பகரத்தூர் என்று வாய்க்காலோடு வளைந்து போகும் வயல் ரோடு. கூப்பிடு தூரத்துக்கு ஒரு மதகு மேடு. அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில்தான் நாமும் எதிரே வருகிற பஸ்ஸும்!

சொந்தபந்தத்தில் யார் கார் வாங்கினாலும் முதல் ஆளாகச் சாவி கேட்பவன் நான். அப்படி ஓட்டியதில் சொல்கிறேன்: கம்பெனிக்கு ஒரு குணம் நிச்சயம் உண்டு.

மாருதி ஸ்விஃப்டில் உட்கார்ந்தாலே வயது பத்து குறைகிறது. உடம்பு லேசு, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் துடிப்பு. பாரதியார் ரோட்டு நெரிசலில் ஆட்டோ நுழைகிற சந்தில் இதுவும் நுழையும். ஹூண்டாய் ஐ20-யில் எல்லாமே சொகுசு. கிளட்ச் காலுக்கே தெரியாது. திருச்சி வரை போய்வந்தாலும் முட்டி வலிக்காது. ஃபோக்ஸ்வாகன் போலோவோ கதவைச் சாத்தும் சத்தத்திலேயே ஆளை மயக்கிவிடும். 1.0 டர்போ பெட்ரோலில் 110 குதிரைசக்தி. நெடுஞ்சாலையில் வேகம் கூடக் கூட, ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த மாமா ஒருவர், இங்கே விட்டுவைத்திருந்த ரெனோ டஸ்டரைக் கொடுத்து, "மாப்ள, மதகுல பிரேக் போடாம ஏத்திப் பாரு" என்றார். ஏற்றினேன். ஐயோ, என்ன சஸ்பென்ஷன்! அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 205 மில்லிமீட்டர் இடைவெளி. பள்ளம் மேடு எதையும் இடுப்புக்குச் சொல்லாமல் தானே வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுக் கம்பெனி, ஆனால் 2012-லிருந்து நம் ஒரகடத்தில் செய்த வண்டி.

இத்தனையும் சொன்ன பிறகும் என் மனசு போய் நிற்பது 2010-இல் வந்த ஃபோர்டு ஃபிகோவில்தான். மறைமலைநகரில் பிறந்த பிள்ளை. அதன் பவர் ஸ்டியரிங்கில் மோட்டார் இல்லை, ஆயில் அழுத்தம்தான். அதனால் டயருக்கு அடியில் நடப்பது அப்படியே உள்ளங்கைக்கு வந்துவிடும். நெடுங்காடு வளைவில் வைக்கோல் மேல் சக்கரம் ஏறினால் கண் பார்க்கும் முன் கை சொல்லும். வளைவுக்குள் இழுத்தால் ஒரு நூல் பிசகாமல் போய்த் திரும்பும். மதகு இறங்கியதும் ஒரே குலுக்கலில் அடங்கி நேராகிவிடும். ஓட்டுவது என்றால் இதுதானய்யா ஓட்டுவது!

ஊருக்குள் சுற்ற ஸ்விஃப்ட், குடும்பத்தோடு போக ஐ20, நெடுஞ்சாலைக்குப் போலோ, கெட்ட ரோட்டுக்கு டஸ்டர், ஆசைக்கு ஃபிகோ. இதுதான் என் தீர்ப்பு. போலோ, நான் ஓட்டிய அந்தப் பழைய டஸ்டர், ஃபோர்டின் இந்தியக் கார் உற்பத்தி எல்லாம் நின்றுபோனதால் அவற்றைப் பழைய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டும்.

புது வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டு ஆட்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுக்கொண்டு, நாலு மதகு ஏறி இறங்கிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.