கேட்டால் சொல்லும் பதிவேடுகள்: லினக்ஸ் தொகுப்பு மரபுகள்

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுவாசல் வைத்திருப்பதை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப்போய் அவர் கண்டது அது. செய்தி பரவியதும் சர்வர் பார்ப்பவர்கள் எல்லாரும் டெர்மினலைத் திறந்து ஒரே கேள்வியைத்தான் தட்டினார்கள்: என் கணினியில் எக்ஸ்இசட் எந்தப் பதிப்பு? டெபியன்காரர்கள் டிபிகேஜியிடம் கேட்டார்கள், ஃபெடோராக்காரர்கள் ஆர்பிஎம்மிடம், ஆர்ச்காரர்கள் பேக்மேனிடம்.

ஒரு மென்பொருள் தொகுப்பை நிறுவுவது எல்லா லினக்ஸ் மரபிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறுவியபின் கேட்டால் என்ன பதில் வருகிறது என்பதில்தான் மரபுக்கு மரபு பாணி பிரிகிறது. பதிவேட்டில் எதை எழுதி வைத்தார்களோ, அதைத்தானே திருப்பிக் கேட்க முடியும்?

கேள்விகள் இரு திசையில் போகும். கணினிக்குள் என்ன இருக்கிறது என்பது ஒன்று. களஞ்சியத்தில் என்ன கிடைக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் உள்ளூர்ப் பதிவேட்டில். இரண்டாவதற்குப் பதில், களஞ்சியத்திலிருந்து கடைசியாக இறக்கி வைத்த அட்டவணையில். அட்டவணையைப் புதுப்பிக்காமல் கேட்டால் பழைய பதில்தான் வரும். டெபியன் வகையில் 'ஆப்ட் அப்டேட்' செய்வது இந்த அட்டவணையைப் புதுப்பிக்கும் வேலை மட்டுமே. அது மென்பொருளைப் புதுப்பித்துவிட்டதாக நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள்.

இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் மூத்தது ஸ்லாக்வேர். 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கினார், இன்றும் அவரே நடத்துகிறார். தொகுப்புக்கு ஓர் உரைக் கோப்பு. அதில் சிறு விவரணையும் கோப்புப் பட்டியலும். கேள்வி கேட்கத் தனிக் கட்டளை வேண்டாம். எல்எஸ் போட்டால் பட்டியல், கிரெப் போட்டால் தேடல். எதற்கு எது வேண்டும் என்ற சார்புக் கணக்கு மட்டும் கிடையாது. அதை எளிமை என்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது.

டெபியன் மரபில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் தொடங்கியது. உபுண்டு, மின்ட் முதல் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வரை இதன் கிளைகள். ஆகவே தமிழகப் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் பக்கம் போனவர்களுக்கும் இந்தக் கட்டளைகள் பொருந்தும். இதன் பதிவேடு, வார்/லிப்/டிபிகேஜி அடைவில் உள்ள 'ஸ்டேட்டஸ்' என்னும் ஒற்றை உரைக் கோப்பு. தொகுப்புக்கு ஒரு பத்தி, நடுவே வெற்று வரி. பெயர், நிலை, பதிப்பு, சார்புகள் என்று வரிவரியாக இருக்கும். கருவி பழுதானாலும் கண்ணால் படிக்கலாம்.

டிபிகேஜிக்குச் சிறிய எல் கொடுத்தால் வரும் பட்டியலில் இடது ஓரத்து இரண்டெழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து நாம் கேட்டது, இரண்டாவது இப்போது உள்ளது. 'ஐஐ' என்றால் நிறுவச் சொன்னோம், இருக்கிறது. 'ஆர்சி' என்றால் நீக்கச் சொன்னோம், நீக்கியும் ஆயிற்று. அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம். பெயர் பட்டியலில் இருக்கிறதே என்று 'நிறுவப்பட்டுள்ளது' என அறிக்கை எழுதுபவர்கள் இந்த 'ஆர்சி'யில்தான் வழுக்குவார்கள்.

கேபிடல் எல் கொடுத்தால் ஒரு தொகுப்பின் கோப்புகள் வரும். கேபிடல் எஸ், ஒரு கோப்பு எந்தத் தொகுப்பின் சொத்து என்று சொல்லும். இதிலும் ஒரு கோணல் உண்டு. டெபியன் 12-இல் எல்எஸ் கட்டளை எங்கே இருக்கிறது என்று ஷெல்லிடம் கேட்டால் யுஎஸ்ஆர்/பின்/எல்எஸ் என்கிறது. அதே பாதையை டிபிகேஜியிடம் கொடுத்தால், அப்படியொரு கோப்பைத் தெரியாது என்று கைவிரிக்கிறது. பழைய பின் அடைவு யுஎஸ்ஆர்/பின்னுக்கு வெறும் இணைப்பாகிவிட்டது. கோர்யூட்டில்ஸ் தொகுப்போ பழைய பாதையிலேயே பதிவானது. பின்/எல்எஸ் என்று கேட்டால் பதில் உடனே வரும்.

களஞ்சியம் பற்றிய கேள்விகளுக்கு, 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்த ஆப்ட். அதன் கேள்விகளில் 'பாலிசி'க்கு இணையில்லை. இப்போது உள்ள பதிப்பு, அடுத்து வரக்கூடிய பதிப்பு, ஒவ்வொன்றும் எந்தக் களஞ்சியத்திலிருந்து, எந்த முன்னுரிமையில் என்று ஒரே திரையில் விரித்துவிடும். 'ஏன் புதுப் பதிப்பு வரவில்லை?' என்ற புலம்பலில் பெரும்பகுதிக்கு அங்கேயே விடை. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுவோர் 'ஆப்ட்' கட்டளையின் வெளியீட்டை நம்பக்கூடாது. அது மாறக்கூடியது என்று அதுவே எச்சரிக்கும். அந்த வேலைக்கு டிபிகேஜி-கொயரி இருக்கிறது.

எக்ஸ்இசட் விவகாரத்தில் டெபியன் விட்ட பதிப்பெண்ணையும் இங்கே சொல்லவேண்டும். பதிப்பெண் பின்னோக்கிப் போனால் கருவிகள் அதைப் புதுப்பிப்பாக ஏற்காது. ஆகவே பழைய நல்ல நிரலை '5.6.1+ரியலி5.4.5-1' என்ற எண்ணில் விட்டார்கள். உண்மையில் உள்ளே இருப்பது 5.4.5. வெறுமனே '5.6.1' என்று கிரெப் போட்டுத் தேடுபவருக்கு அந்தப் பாதுகாப்பான கணினியும் கெட்டுப்போனதாகத் தெரியும்.

ரெட் ஹாட் மரபின் ஆர்பிஎம் 1995-இல் வந்தது. கேள்வி கேட்கும் வசதியில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் கட்சி. கேள்விகள் எல்லாம் 'கியூ'வில் தொடங்கும்: 'கியூஏ' முழுப் பட்டியல், 'கியூஎல்' கோப்புகள், 'கியூஎஃப்' உரிமையாளர். இந்த இலக்கணத்தை ஒருமுறை படித்தால் மறக்காது. 'லாஸ்ட்' சேர்த்தால் கடைசியாக நிறுவியது முதலில் வரும்; நேற்று வரை ஓடிய சேவை இன்று படுத்தால் கை முதலில் போகவேண்டிய இடம் அது. கேபிடல் வி கொடுத்தால் நிறுவிய கோப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிடும்: எஸ் என்றால் அளவு மாறியிருக்கிறது, 5 என்றால் உள்ளடக்கம், டி என்றால் நேரம். அமைப்புக் கோப்பில் இவை தெரிந்தால் இயல்பு. இயக்கக் கோப்பில் 5 தெரிந்தால் தூக்கம் போய்விடும்.

இதைவிட முக்கியம் 'சேஞ்ச்லாக்' கேள்வி. ரெட் ஹாட் நிறுவன வெளியீடுகளில் மூலப் பதிப்பெண் பெரும்பாலும் மாறாது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய நிரலில் ஒட்டுப்போடுவார்கள். பதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் தணிக்கைக்காரர் 'பழசு, ஆபத்து' என்று சிவப்பு மையால் எழுதுவார். அந்தத் தொகுப்பின் மாற்றக் குறிப்பைக் கேட்டு, குறிப்பிட்ட ஓட்டைக்குரிய சிவிஇ எண்ணைத் தேடிக் காட்டினால் பெரும்பாலும் வாதம் முடிந்தது. களஞ்சியக் கேள்விகளுக்கு முதலில் யம், பிறகு 2015-இல் ஃபெடோரா 22 முதல் டிஎன்எஃப். அதன் 'ரெப்போகொயரி' அறிஞர்களுக்கான கருவி. சூசே கிளை ஸிப்பர் வழி போனது. ஆர்பிஎம் பதிவேடு நெடுநாள் பெர்க்லி டிபியில் இருந்தது, அது அவ்வப்போது கெட்டுப்போய்த் திரும்பக் கட்டவேண்டி வரும். 2020-இல் ஃபெடோரா 33 எஸ்கியூலைட்டுக்கு மாறியது, நல்ல காரியம்.

மற்றவற்றைச் சுருக்கிவிடலாம். ஆர்ச்சின் பேக்மேனில் கேபிடல் கியூ உள்ளே, கேபிடல் எஸ் வெளியே. நாமாகக் கேட்டது எது, சார்பாக ஒட்டிக்கொண்டு வந்தது எது என்ற பிரிவினை தெளிவாக இருக்கும். ஜென்டூ, ஒவ்வொரு தொகுப்பையும் எந்தத் தெரிவுகளோடு தொகுத்தோம் என்பதையும் எழுதி வைக்கிறது. கன்டெய்னர்களில் அடிக்கடி தென்படும் ஆல்பைன், நாம் கேட்ட பெயர்களை மட்டும் 'வேர்ல்டு' கோப்பில் குறிக்கும். நிக்ஸ் தனி உலகம். எல்கோ டால்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விளக்கிய முறை அது. ஒரே மென்பொருளின் பல பதிப்புகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வாழும், 'எந்தப் பதிப்பு?' என்றால் 'யாருக்கு?' என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

பொது இலக்கணம் வகுக்க முயன்றார்கள். கோப்புகள் எங்கே இருக்கவேண்டும் என்ற தரம் 1994-இல் தொடங்கி 2015-இல் 3.0 வரை வந்தது. அது பெருமளவு நிலைத்தது. லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்ற தரம் ஆர்பிஎம்மையே பொது வடிவமாகக் கொண்டது. டெபியன் 2015-இல் அதைப் பெரும்பாலும் கைகழுவியது. கேள்விக்குப் பொதுக் கட்டளை கடைசிவரை வரவில்லை. பதிலுக்குத்தான் பொது வடிவம் வந்தது: உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதித்தரும் எஸ்பிடிஎக்ஸ், 2021-இல் ஐஎஸ்ஓ தரமாயிற்று.

எந்த மரபானாலும் தன் வாசல் வழியாக நுழைந்ததை மட்டுமே பதிவேடு அறியும். நில அடங்கலைப் போலத்தான்: அதில் நஞ்சை என்று இருக்கும், நேரில் போனால் பிளாட் போட்டிருப்பார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வந்தபோது இதுதான் நடந்தது: ஜாவா செயலிகளுக்குள் பொதிந்து கிடந்த ஜார் கோப்புகளை டிபிகேஜியோ ஆர்பிஎம்மோ கண்டதே இல்லை. உபுண்டு 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸைக் கேட்டால் டிபிகேஜி '1:1ஸ்னாப்1' என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சொல்லும். அது வெறும் வழிகாட்டிப் பலகை, உலாவி ஸ்னாப்பில் இருக்கிறது. ஃபிளாட்பேக், பிப், கையால் தொகுத்தவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்டாகவேண்டும்.

சர்வர் பார்க்கப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணினி எந்த மரபோ, அதன் கையேட்டுப் பக்கத்தில் கேள்விப் பகுதியை முதலில் படியுங்கள். நிறுவும் பகுதிக்குப் பிறகு வரலாம்.