மஞ்சள் அணா, கறுத்த ஃபார்திங்: பழைய நாணயத்தின் நிறத்தை ரசிப்பது எப்படி?

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த இரண்டு ஓரணாக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும். இரண்டின் விளிம்பிலும் அதே பன்னிரண்டு வளைவுகள், அதே அளவு. ஆனால் 1940ஆம் ஆண்டு நாணயம் வெள்ளை. 1943ஆம் ஆண்டு நாணயம் மஞ்சள். மஞ்சள் அணாவைப் போலி என்று ஒதுக்குபவர்கள் உண்டு; தங்க முலாம் பூசியது என்று பத்திரப்படுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. இரண்டாம் உலகப்போரின்போது நிக்கல் போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. அதுவரை முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்து அடித்துவந்த ஓரணாவையும் இரண்டணாவையும், 1942 முதல் 1945 வரை நிக்கல் பித்தளையில் அடித்தார்கள். போர் முடிந்ததும், 1946இல், வெள்ளை அணா திரும்ப வந்தது.

விநோத நிறத்தில் ஒரு பழைய நாணயம் கையில் கிடைத்தால் மூன்று இடங்களில் காரணம் தேடலாம். உலோகமே அந்த நிறமா? நாணயச்சாலையிலேயே நிறம் ஏற்றினார்களா? வெளியே வந்தபின் காற்றும் மண்ணும் மனிதக் கையும் மாற்றினவா? இந்த வரிசையில் கேட்டுக்கொண்டே போவதுதான் நாணயத்தின் நிறத்தை ரசிக்கும் வழி.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

ஆண்டும் எடையும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவின் ஒரு சென்ட் வழக்கமாகச் செம்பு நிறம். 1943இல் செம்பு தோட்டாவுக்கும் மற்றப் போர்க்கருவிகளுக்கும் போனதால், துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். புதிதாக வந்தபோது வெள்ளி போல் மின்னிய அந்தக் காசு, புழங்கப் புழங்கச் சாம்பல் நிறமாக மங்கியது. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்துதான் வட்டங்களை வெட்டினார்கள். ஆகவே வெட்டுப்பட்ட விளிம்பில் பூச்சு கிடையாது. துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

அதே 1943இல் தவறுதலாகப் பழைய செப்புக் கலவைத் தகட்டில் அச்சாகிவிட்ட சென்ட்களும் உண்டு. மிக அரிதானவை, பெரும் விலை போகிறவை. அதனாலேயே ஏமாற்று வேலையும் அதிகம். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவார்கள். காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். 1948 காசில் எட்டைச் சுரண்டி மூன்றாக்குவார்கள். எண்ணின் வடிவம் அதைக் காட்டிக்கொடுக்கும். எடை இன்னொரு சாட்சி: எஃகு சென்ட் 2.7 கிராம், செப்புக் கலவை சென்ட் 3.11 கிராம்.

தங்கத்திலும் உலோகக் கலப்பு நிறத்தைத் தீர்மானிக்கும். பவுன் காசு 22 காரட். மீதி இரண்டு பங்கு செம்பானால் சற்றுச் சிவந்திருக்கும். 1855இல் தொடங்கிய சிட்னி நாணயச்சாலையின் ஆரம்பகாலப் பவுன்களில் வெள்ளி கலந்திருந்ததால் அவை வெளிர் மஞ்சளாக இருந்தன. தங்கத்தின் அளவு ஒன்றுதான், பார்வைக்கு வேறு.

நாணயச்சாலையே கறுப்பாக்கிய காசு

பிரிட்டனின் ஃபார்திங் வெண்கலக் காசு. ஒரு பென்னியில் கால் பங்கு மதிப்பு. புதிதாக இருக்கும்போது அது பளபளக்கும். அளவிலோ தங்க அரைப்பவுனுக்கு நெருக்கம். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கொடுத்துவிடும் அபாயம் இருந்ததால், 1897 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஃபார்திங்குகளை ரசாயனத்தால் கறுக்கவைத்தே வெளியிட்டார்கள்.

அந்தக் காலத்து ஃபார்திங் கரிய நிறத்தில் சீராக, பள்ளங்களிலும் மேடுகளிலும் ஒரே மாதிரி இருந்தால், அது அழுக்கல்ல. பிறந்தபோதே இருந்த நிறம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர் நாணயச்சாலை செய்த வேலையின் ஒரு பகுதியையே அழித்துவிடுகிறார்.

வெள்ளியில் எழும் வானவில்

ரசனைக்கு அதிகம் தீனி போடுவது வெள்ளி. காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் தெரிவதுபோல, படலத்தின் தடிமனுக்கேற்ப ஒளி வெவ்வேறு நிறம் காட்டுகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சள், தடிக்கத் தடிக்கச் செம்மஞ்சள், கத்தரிப்பூ நிறம், நீலம், மயில்கழுத்து நிறம், கடைசியில் கறுப்பு.

1878இல் தொடங்கிய அமெரிக்க மார்கன் வெள்ளி டாலர்கள் பெரும் எண்ணிக்கையில் கித்தான் பைகளில் பல காலம் கிடந்தன. பையின் துணியைத் தொட்டுக்கொண்டிருந்த காசுகளில் பிறை வடிவில் வானவில் படர்ந்தது. சிலவற்றில் துணியின் நெசவுத் தடம்கூடப் பதிந்திருக்கிறது.

இப்படி ஒரு காசு கையில் வந்தால் ஒற்றை விளக்கின் கீழ், விளிம்பைப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு நிறத்தின் அடியிலிருந்து தெரிய வேண்டும். வரிசையையும் கவனிக்க வேண்டும். நீலத்திலிருந்து வெறும் வெள்ளிக்கு வரும் வழியில் கத்தரிப்பூ நிறமும் மஞ்சளும் இருந்தாக வேண்டும். வெறும் வெள்ளியை ஒட்டியே அடர்நீலம் அப்பியிருந்தால், ரசாயனமோ சூடோ கொடுத்து அவசரமாக ஏற்றிய நிறம் என்று சந்தேகிக்கலாம்.

மண்ணுக்குள் இருந்தவை

செம்பு மண்ணுக்குள் கிடந்தால் மூன்று நிறம் கொள்ளும்: ஆக்சைடாகிச் சிவப்பு அல்லது கறுப்பு, கார்பனேட்டாகிப் பச்சை. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சைக் களிம்பு காசைக் காக்கும் கவசம். எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தப் படலத்திலேயே பிழைத்திருக்கும். வெளிர் பச்சையில் மாவு போல் உதிர்ந்தால் அது நோய். உப்பிலிருந்து வந்த குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். பல்குத்தும் குச்சியால் தொட்டால் மாவு உதிர்கிறதா என்று பார்க்கலாம். உதிர்ந்தால் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

மண்ணுக்குள் நிறம் மாறுவதற்குத் தங்கம்கூட விலக்கல்ல. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பாம்பேய்க்கு அருகே, போஸ்கோரியாலேயில், 1895இல் ஒரு மாளிகையைத் தோண்டியபோது வெள்ளிப் பாத்திரங்களோடு சுமார் ஆயிரம் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றின் மேல் செம்மையான சாயல் படிந்திருந்தது. எரிமலையின் கந்தகமே காரணம் என்று நாணயம் சேகரிப்போர் சொல்கிறார்கள். இன்றும் அந்தச் சிவப்புக்கு ஏலக் குறிப்புகளில் போஸ்கோரியாலேயின் பெயரே வழங்குகிறது.

புளியை எடுக்காதீர்கள்

பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் அமிலம் படலத்தோடு உலோகத்தின் மேற்பரப்பையும் கரைத்துவிடும். அப்படித் தேய்த்த செம்பு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். பூதக்கண்ணாடியில் கோடு கோடாகக் கீறல் தெரியும். விலையும் சரியும். ஒட்டிய மண்ணை மட்டும் போக்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும்.

வாங்கிய பிறகும் நிறம் மாறும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்த காசில் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் மூடி, எடையையும் வாங்கிய அன்றிருந்த நிறத்தையும் ஒரு சீட்டில் எழுதிவைத்தால், அடுத்த முறை எடுத்துப் பார்க்கும்போது மாற்றம் இருந்தால் உடனே தெரியும்.