ஈயத்துக்குள் ஒரு காது

நியூட்ரான் மானியைப் பார்த்தால் நுட்பமான கருவி என்றே தோன்றாது. ஈயக் கட்டிகள், பாரஃபின் மெழுகு, நடுவே போரான் கலந்த வாயுக் குழாய்கள். 1948இல் ஜான் சிம்ப்சன் வகுத்த அமைப்பு. சூரியனிலிருந்து சீறிவரும் புரோட்டான் நம் தலைக்கு மேலேயே காற்றணுக்களை உடைத்துச் சிதறல்களைக் கீழே அனுப்புகிறது. அதில் வரும் நியூட்ரான் ஈயத்தில் மோதிப் பலவாகப் பெருகும். மெழுகு அவற்றின் வேகத்தைத் தணிக்கும். போரான் விழுங்கி மின்துடிப்பாக்கும். எவ்வளவு அழகான வேலைப் பங்கீடு! 1956 பிப்ரவரி 23 அன்று சூரியன் சீறியபோது, இங்கிலாந்தின் லீட்ஸில் இருந்த மானியின் எண்ணிக்கை 40 மடங்குக்கு மேல் எகிறியது. ஃபின்லாந்தின் ஔலுவில், பூமியின் காந்தத் தடுப்பு தளர்ந்த வடக்கில், 1964 முதல் ஒரு மானி எண்ணிவருகிறது, இரவும் பகலும்.