யாழ் நூலும் ஆய்வு மானியமும்

மட்டக்களப்பு வாவிக்கரையின் ஆய்வு மரபைப் பேசுங்கால், விபுலாநந்த அடிகளின் பதினான்கு ஆண்டு உழைப்பில் விளைந்த 'யாழ் நூல்' முதலில் நினைவுக்கு வரும். 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவ்வாண்டே அடிகள் மறைந்தார். தனிமனித உழைப்பும் சங்கத்தின் ஆதரவும் இருந்தால் ஆய்வுக்குப் போதும் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவோர் உளர். இவ்வாதம் எமக்கு உடன்பாடன்று.

பாராளுமன்றம் ஒதுக்கும் நிதியைப் பங்கிடும் பொறுப்பை 1978ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அளித்தது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகமும் அப்பங்கீட்டையே சார்ந்துள்ளது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நிகழ்ந்ததுபோல் கொழும்பில் செலவு கட்டுப்படுத்தப்படுங்கால், உடனடிப் பயன் காட்டவியலாத கள ஆய்வே எளிதில் ஒத்திவைக்கப்படும். வடமோடி, தென்மோடிக் கூத்தறிந்த அண்ணாவியார் மறைந்த பின்னர் வரும் மானியத்தால் யாது பயன்? அடிகளின் தியாகம் போற்றற்குரியது. அரசின் கடமைக்கு அது ஈடாகாது.